ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்: ஒரு செமஸ்டருக்குத் திட்டம் போட்ட அனுபவம்

உங்கள் வீட்டில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால் "ஊப்ஸ்" என்ற சொல் கட்டாயம் உங்கள் காதில் விழுந்திருக்கும். "ஊப்ஸ்ல அரியர் விழுந்திடும் போலிருக்கு" என்று போனில் யாரிடமாவது சொல்லிக் கொண்டிருப்பார்கள். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். இன்று நாம் பயன்படுத்தும் சாப்ட்வேர்களில் பெரும்பாலானவற்றை எழுத இந்த முறை ஏதோ ஒரு வகையில் கை கொடுக்கிறது. அப்படியிருந்தும் கல்லூரியில் பலர் பயப்படும் பாடம் இதுதான்.

2024-ம் ஆண்டு இந்தப் பாடத்தை ஒரு செமஸ்டர் முழுவதும் எப்படி நடத்துவது என்று திட்டம் போடும் வேலை எனக்கு வந்தது. நான் ஆசிரியர் அல்ல. கோவையில் ஒரு நிறுவனத்தில் சாப்ட்வேர் எழுதுபவன். எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைத் தலைவராக இருக்கும் மேடம் என் அம்மாவின் தோழி. இந்தப் பாடம் எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். "சனிக்கிழமை உனக்கு லீவுதானே கண்ணு, நீ வந்து தியரி எடு. புதன்கிழமை லேப்பை எங்க ஸ்டாஃப் பாத்துக்குவாங்க. பிளானையும் நீயே போட்டுக் கொண்டு வா" என்றார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 48 பேர். லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் 24.

முதலில் ஒரு சிறிய சோதனை

மேலே போவதற்கு முன், உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து 25 என்று அடியுங்கள். அதை மூடாமல் ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் இன்னொரு கால்குலேட்டரைத் திறந்து 400 என்று அடியுங்கள். இப்போது இரண்டு கால்குலேட்டர்கள் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பட்டன்கள், ஒரே வேலை. ஆனால் ஒன்றில் உள்ள எண் மற்றதைப் பாதிப்பதில்லை.

கால்குலேட்டர் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த வரையறைதான் கிளாஸ். அதை வைத்துத் திரையில் உருவான இரண்டும் ஆப்ஜெக்ட்கள். உள்ளே இருக்கும் எண்ணை நீங்கள் நேரடியாகத் தொட முடியாது, பட்டன் வழியாகத்தான் மாற்ற முடியும் அல்லவா? புத்தகங்களில் என்கேப்சுலேஷன் என்று பெரிய பெயர் சூட்டியிருப்பது இதற்குத்தான்.

இதை நான் கல்லூரியில் இப்படிப் படிக்கவில்லை. இன்ஜினியரிங் படித்த காலத்தில் ஊப்ஸின் நான்கு தூண்கள் என்று என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் ஆகிய நான்கையும் மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் எழுதிய புரோகிராமை சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்த கிளாஸ் ஏன் அந்த கிளாஸிலிருந்து இன்ஹெரிட் ஆகுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாடத்தில் இருந்தது, அதனால் போட்டேன். அவ்வளவுதான்.

15 வாரம் என்பது 11 வாரம்

நான் முதலில் போட்ட திட்டம் அழகாக இருந்தது. 15 சனிக்கிழமைகள், தலா 3 மணி நேரம், மொத்தம் 45 மணி நேரம். முதல் வாரம் முழுவதும் வரலாறு. நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் 1960-களில் உருவாக்கிய சிமுலா மொழி, 1970-களில் ஆலன் கே குழுவினர் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கிய ஸ்மால்டாக், 1979-ல் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய சி பிளஸ் பிளஸ், 1995-ல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவா என்று வரிசையாகப் போட்டிருந்தேன்.

மேடம் அதைப் படித்துவிட்டு காலண்டரை எடுத்தார். செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்தி, சனிக்கிழமை. அக்டோபர் 12 விஜயதசமி, சனிக்கிழமை. இன்டர்னல் தேர்வுக்கு இரண்டு சனிக்கிழமை. மிச்சம் 11. லேபிலும் இதே கதைதான். ஜூலை 17 மொகரம், அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, இரண்டும் புதன்கிழமை. 45 மணி நேரம் என்று நினைத்தது 33 ஆகிவிட்டது.

அடுத்து அவர் கேட்டது: "கடைசி வாரம் இந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சு காட்டுவாங்க?" என் திட்டத்தில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்றுதான் இருந்தது. அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று எங்குமே இல்லை.

எனவே கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான மாணவர்களின் வீட்டில் கறவை மாடு உண்டு. காலையும் மாலையும் பால் சங்கத்தில் பால் ஊற்றுவார்கள். எத்தனை லிட்டர், ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பில்லாத திடச்சத்து எவ்வளவு என்று பார்த்து விலை போடுவார்கள். அந்தச் சங்கத்தின் கணக்கை ஒரு சிறிய புரோகிராமாக ஒவ்வொரு ஜோடியும் செய்து காட்ட வேண்டும். இதைச் செய்ய என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும் திட்டத்தில் இருக்கும். வரலாறு முழுவதும் பத்து நிமிடமாகச் சுருங்கியது.

எந்த மொழி?

லேபில் அதுவரை டர்போ சி பிளஸ் பிளஸ் ஓடிக் கொண்டிருந்தது. இது டாஸ் காலத்து 16 பிட் சாப்ட்வேர். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு புரோகிராமுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-ல் சர்வதேசத் தரம் வந்துவிட்டது. டர்போ அதற்கு முந்தையது. அதில் பழகியவர் வீட்டுக்கு வந்து புதிய கம்பைலரில் அதே புரோகிராமை அடித்தால் முதல் வரியிலேயே பிழை என்று சொல்லும். மாணவர் தன் மீதுதான் தவறு என்று நினைத்துக் கொள்வார். அதில் ஒரு முழு எண் 32767-க்கு மேல் போகாது என்பதும் ஒரு தொல்லை. பால் சங்கத்தின் ஒரு மாதக் கணக்கே அதைத் தாண்டிவிடும்.

பைத்தான் எளிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பைத்தானில் உள்ளே இருக்கும் எண்ணை வெளியிலிருந்து தொடாமல் பூட்டி வைக்கும் வசதி உண்மையில் இல்லை. தொடக் கூடாது என்று நமக்குள் ஓர் ஒப்பந்தம்தான். முதன்முதலில் படிப்பவர்களுக்குப் பூட்டு கண்ணில் தெரிய வேண்டும் என்று நினைத்து ஜாவாவை எடுத்துக் கொண்டேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறைய பேர் உண்டு, என் நண்பர்கள் உட்பட.

ஜாவாவில் ஒரு சிக்கல் உண்டு. "வணக்கம்" என்று திரையில் காட்டும் முதல் புரோகிராமிலேயே பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்டு, மெயின் என்று ஒரு நீண்ட வரி வரும். "இதெல்லாம் என்ன சார்?" என்று கேட்டால், "அப்புறம் சொல்றேன், இப்ப அப்படியே அடி" என்பதுதான் காலங்காலமாக ஆசிரியர்கள் சொல்லும் பதில். (2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ல் இந்த வரியைச் சுருக்கமாக எழுத வழி செய்துவிட்டார்கள். எங்களுக்கு ஓராண்டு தாமதம்!)

இதைத் தவிர்க்கத்தான் பிளூஜே என்ற சாப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தேன். மைக்கேல் கோலிங், ஜான் ரோசன்பெர்க் ஆகியோர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கற்பிப்பதற்கென்றே உருவாக்கி 1999-ல் வெளியிட்டது இது. இலவசம். விண்டோஸுக்கான பதிப்பில் ஜாவாவும் சேர்ந்தே வருவதால் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

பிளூஜேயில் ஒரு கிளாஸ் திரையில் ஒரு பெட்டியாகத் தெரியும். கம்பைல் செய்யும் வரை அதன் மேல் கோடுகள் போட்டிருக்கும். கம்பைல் ஆனதும் கோடுகள் மறைந்துவிடும். பெட்டியின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, நியூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு ஆப்ஜெக்ட் வந்து உட்காரும். அதன் மேல் வலது பட்டனை அழுத்தி அதன் மெத்தட்களை ஒவ்வொன்றாக இயக்கலாம். இன்ஸ்பெக்ட் கொடுத்தால் உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம். மெயின் என்ற அந்த நீண்ட வரி இல்லாமலே இவ்வளவும் நடக்கும்.

ஜூலை 6, 13 இரண்டு சனிக்கிழமையும் மாணவர்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. நான் எழுதிக் கொடுத்த "பால் பதிவு" என்ற கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட்களை உருவாக்கி விளையாடினார்கள். காலை 4 லிட்டர் ஒரு ஆப்ஜெக்ட், மாலை 3 லிட்டர் இன்னொரு ஆப்ஜெக்ட். மூன்றாவது வாரம் "இதை நீங்களே எழுத முடியுமா?" என்றபோது பயம் இல்லை.

லேபில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பணத்தை ரூபாயாக வைத்து, தசமப் புள்ளியுடன் கணக்குப் போட்டார்கள். ஜாவாவில் 0.1 உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் எண்களை இரட்டை இலக்க முறையில் வைப்பதால் 0.1 என்பதைச் சரியாக எழுத அதனால் முடியாது. அன்று முதல் எல்லாப் பணமும் பைசாவில், முழு எண்ணில். வீட்டுக் கணக்குக்குப் புரோகிராம் எழுத நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, புத்தகத்தில் உள்ளபடி ஒவ்வொரு வேரியபிளுக்கும் அதன் மதிப்பை எடுக்க ஒரு மெத்தட், மாற்ற ஒரு மெத்தட் என்று எழுதிக் கொண்டே போனார்கள். "ஸ்லிப் கொடுத்த பிறகு ஃபேட்டை யார் மாத்தலாம்?" என்று கேட்டேன். "யாரும் மாத்தக் கூடாது சார்" என்று வகுப்பே ஒன்றாகச் சொன்னது. அப்படியானால் மாற்றும் மெத்தட் எதற்கு? அழித்தார்கள். என்கேப்சுலேஷனுக்கு அதற்கு மேல் நான் விளக்கம் கொடுக்கவில்லை.

"எங்கப்பா எந்த கிளாஸ், சார்?"

ஆகஸ்ட் 17 அன்று இன்ஹெரிட்டன்ஸ். இதற்காகத்தான் பால் சங்கத்தையே தேர்ந்தெடுத்திருந்தேன் என்று கூடச் சொல்லலாம். "உறுப்பினர்" என்று ஒரு கிளாஸ். அதிலிருந்து "பசும்பால் உறுப்பினர்", "எருமைப்பால் உறுப்பினர்" என்று இரண்டு கிளாஸ்கள். பொதுவானவை மேலே, விலை மட்டும் கீழே மாறும். போர்டில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அரை மணி நேரம் விளக்கினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்தார். அதுவரை வகுப்பில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "சார், எங்க வீட்டுல மாடு ஒண்ணு, எருமை ஒண்ணு. ரெண்டு பாலையும் ஒரே நம்பர்லதான் ஊத்தறோம். அப்ப எங்கப்பா எந்த கிளாஸ், சார்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போது எந்த கிளாஸோ, கடைசி வரை அதே கிளாஸ்தான். அவர் அப்பா இரண்டு பேராக இருக்க முடியாது. நாளைக்கு எருமையை விற்றுவிட்டால் என்ன செய்வது? உறுப்பினரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதா? என் சீனியர் அன்று என்னைக் கேட்ட கேள்வியேதான் இது. வேலைக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அதே தவறை, அதுவும் 48 பேர் முன்னால் போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். "நீங்க சொல்றது சரிம்மா. நான் போட்டது தப்பு. அடுத்த வாரம் இதைச் சேர்ந்து சரி பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது மீதி ஐந்து சனிக்கிழமைகளுக்கான திட்டத்தைக் கிழித்தேன்.

நேரம் போதாது என்று நான் வெட்டி எறிந்த ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டு வந்தேன். 1989-ல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் அறிமுகப்படுத்திய முறை அது. ஒரு அட்டை, ஒரு கிளாஸ். அட்டையின் மேலே கிளாஸின் பெயர். இடது பக்கம் அதன் பொறுப்புகள். வலது பக்கம் அது யாரிடம் உதவி கேட்கும் என்ற விவரம். கம்ப்யூட்டரே தேவையில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக் கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு அட்டையைக் கையில் வைத்துக் கொண்டு, "நான் உறுப்பினர். என்னிடம் பதிவுகள் இருக்கின்றன. விலை எனக்குத் தெரியாது, பதிவைத்தான் கேட்பேன்" என்று நடித்துப் பார்க்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் விடை வந்துவிட்டது. பசு, எருமை என்பது உறுப்பினரின் குணம் அல்ல, ஊற்றிய பாலின் விவரம். ஒவ்வொரு பதிவும் தன் பால் எந்த வகை என்று வைத்துக் கொண்டால் போதும். விலை அட்டவணை என்று ஒரு ஆப்ஜெக்ட் இருக்கும். வகை, ஃபேட், எஸ்.என்.எஃப் மூன்றையும் அதனிடம் கொடுத்தால் விலை சொல்லும். இரண்டு கிளாஸ்கள் காணாமல் போயின. இன்ஹெரிட்டன்ஸே இல்லை.

ஆனால் தேர்வில் இன்ஹெரிட்டன்ஸ் உண்டே! அதற்கும் அந்த மாணவிதான் வழி காட்டினார். அவர்கள் சங்கத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை பணம் கொடுப்பார்களாம். அந்தப் பட்டுவாடா ஸ்லிப்பை அடுத்த வாரம் கொண்டு வந்தார். அதில் பால் பணம் ஒரே வரி. அதற்குக் கீழே பிடித்தங்கள் வரிசையாக இருந்தன. மாட்டுத் தீவனம், மூட்டைக்கு இவ்வளவு. கடன் தவணை, ஒவ்வொரு முறையும் ஒரே தொகை. இன்னொரு பிடித்தம் லிட்டருக்கு இத்தனை பைசா. ஒவ்வொன்றையும் கணக்கிடும் விதம் வேறு. ஆனால் ஸ்லிப்புக்கு அது பற்றிக் கவலை இல்லை, ஒவ்வொரு பிடித்தத்தையும் "நீ எவ்வளவு?" என்று கேட்டுக் கழித்தால் போதும்.

"பிடித்தம்" என்று ஒரு கிளாஸ். அதன் கீழே மூன்று வகைகள். கடன் தவணை ஒருநாளும் தீவனமாக மாறப் போவதில்லை. இங்கே இன்ஹெரிட்டன்ஸ் சரியாகப் பொருந்துகிறது. ஒரே கேள்விக்கு ஒவ்வொன்றும் தன் வழியில் பதில் சொல்வதுதான் பாலிமார்பிசம். சங்கத்தில் நாளைக்குப் புதிதாக ஒரு பிடித்தம் வந்தாலும் ஸ்லிப் அடிக்கும் பகுதியைத் தொட வேண்டாம். என் பசு, எருமைப் படத்தை விட இது எவ்வளவோ நல்ல உதாரணம். வீட்டில் உட்கார்ந்து யோசித்து எனக்குத் தோன்றியிருக்காது.

தேர்வு, மார்க், மற்றவை

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். வினாத்தாள் பழைய பாணியில்தான் வந்தது. "என்கேப்சுலேஷன் வரையறு" என்றால் வரையறுத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி இருபது நிமிடத்தை இரண்டு மார்க் கேள்விகளுக்கு ஒதுக்கினேன். அன்று செய்த வேலைக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று மட்டும் சொல்வேன்.

பால் சங்கத்தை 24 ஜோடிகளில் 17 ஜோடி முழுமையாகச் செய்து காட்டியது. நான்கு ஜோடி பிடித்தத்தில் நின்றுவிட்டது. மூன்று ஜோடியால் எதையும் ஓட்டிக் காட்ட முடியவில்லை. அந்த மூன்றில் இரண்டு ஜோடியில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. வாரத்தில் ஒரு லேப் மட்டும்தான் அவர்களுக்குப் பயிற்சி, அதிலும் இரண்டு புதன்கிழமை போய்விட்டது. ஜோடியில் ஒருவரே எப்போதும் கீபோர்டைப் பிடித்துக் கொள்வதையும் நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்ற விதியை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இருந்தால், பிளூஜேயை இன்ஸ்டால் செய்து கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக் கொள்ளச் சொல்லுங்கள். மளிகைக் கடைப் பற்று நோட்டு, சீட்டுப் பணம், கேஸ் சிலிண்டர் புக்கிங் எதுவாக இருந்தாலும் சரி. முதலில் அட்டைகளை வெட்டி மேஜை மேல் பரப்புங்கள். நீங்களும் ஒரு அட்டையைக் கையில் எடுத்துக் கொள்ளலாம். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை, அந்தக் கணக்கு தெரிந்தால் போதும்.

2025-க்கான திட்டத்தை மேடத்திடம் கொடுத்தபோது அதில் முதல் வாரம் வீட்டுப்பாடம் ஒன்று சேர்த்திருந்தேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வரும் ஏதாவது ஒரு பில் அல்லது ஸ்லிப்பைக் கொண்டு வர வேண்டும். "ஸ்லிப் இல்லாத வீடு இருக்குமே கண்ணு" என்றார். அதையும் யோசித்து, பஸ் டிக்கெட் போதும் என்று பேனாவால் பக்கத்தில் எழுதினேன்.